நீர் ஆர் எண்டு நீர் சொல்லக்கூடாது

1

ஜெர்மனிக்கு வந்து பத்து வருஷம் நிறைந்த அன்று வீட்டில் ஒரு கேக் வெட்டினோம். கத்தியை என் கையில் தந்துவிட்டு மனைவி வதனி சொன்னா: "பத்து வருஷமா இஞ்ச இருந்து ஒண்டையும் வெட்டிக் கிழிக்கேல்லை. இதையாவது நேரா வெட்டுங்கோ."

நான் வெட்டாமல் யோசிக்கத் தொடங்கிவிட்டேன். உண்மையாகவே பத்து வருஷமாக என்னதான் செய்தேன்? வேலைக்குப் போனேன். பனியில் வழுக்கி விழுந்தேன். டொச்சு மொழியில் ஆண் பால், பெண் பால், இரண்டும் இல்லாத பால் எல்லாவற்றையும் குலுக்கிப் போட்டு, எது கையில் வந்ததோ அதைச் சொல்லிச் சமாளித்தேன். ஆனால் எல்லாவற்றையும்விடக் கூடுதலாகச் செய்த வேலை ஒன்று உண்டு. நான் யார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளிநாட்டவர் கந்தோரில் சொன்னேன். வீட்டுக்காரனுக்குச் சொன்னேன். பல் வைத்தியருக்கு வாயைத் திறந்தபடியே சொன்னேன். ஒவ்வொரு டெர்மினுக்கும், அதுதான் நேரம் குறித்துத் தருகிற சந்திப்புக்கும், போய் முதலிலிருந்து சொன்னேன். சொல்லிச் சொல்லியே பரராஜசிங்கம் என்ற என் பெயர் தேய்ந்துபோயிற்று. இப்போது ராசாவும் போய், சிங்கமும் போய், தொழிற்சாலையில் வெறும் 'பரா'வாக நிற்கிறேன்.

அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, போன மாசி மாதம் ஒரு பெண்மணி சொன்னா: "நீர் ஆர் எண்டு நீர் சொல்லக்கூடாது."

ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு அந்தக் கதையைச் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் டொச்சுக்காரரும் கனடாக்காரரும் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைப்பார்கள். அவர்களில் பிழையில்லை. எனக்கு அதுதான் வளமாக வரும்.

2

நான் வேலை செய்வது பீலெஃபெல்டில், மரம் அரிகிற இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில். செய்த இயந்திரத்தைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பூட்டிக் கொடுப்பதற்கு மூன்று பேர் கொண்ட குழு ஒன்று. மன்ஃபிரெட் எங்கள் மைஸ்டர், குழுவுக்குத் தலைவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நாளைக்கு ஏழெட்டு வசனம் கதைப்பார், அதிலும் பாதி இயந்திரத்தோடு. யூர்கன் நாற்பது வயதுக் குழந்தைப் பிள்ளை. மூன்றாவது ஆள் நான். அவர்கள் கதைக்காமல் மிச்சம் விட்ட கதை முழுவதையும் கதைப்பவன்.

கனடாவின் வடக்கே, காட்டுக்கு நடுவில் இருக்கிற ஆதிக்குடி மக்களின் ஊர் ஒன்று எங்கள் இயந்திரத்தை வாங்கியது. ஆலை அவர்களுடையது, காடும் அவர்களுடையது. வாங்கும்போதே ஒரு நிபந்தனை வைத்தார்கள். அவர்கள் சொன்னது இது: பூட்ட வருகிறவர்கள் ஆறு கிழமை எங்கள் வீடுகளில்தான் தங்க வேண்டும், இங்கே ஹோட்டல் கிடையாது. ஆகவே எங்கள் ஆள் ஒருவர் வந்து அவர்களுக்குப் பயிற்சி தருவார், எங்களோடு எப்படிப் பழகுவது என்று படித்துக்கொண்டு வரட்டும். அவருக்குத் திருப்தி இல்லாவிட்டால் வேறு குழுவை அனுப்புங்கோ. இதுதான் நிபந்தனை.

எனக்குக் கனடா என்றால் காடும் இல்லை, கரடியும் இல்லை. கனடா என்றால் அக்கா. என் ஒரே அக்கா, சரசக்கா, ரொறன்ரோவில் இருக்கிறா. நான் நாட்டை விட்டு வந்த நாளிலிருந்து அவவின் முகத்தை நேரில் கண்டதில்லை. அகதிகளுக்குத் தருகிற நீலப் பயணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு விசாவுக்கு இரண்டு தரம் அன்ட்ராக் போட்டேன். இரண்டு தரமும் கிடைக்கவில்லை. இந்த முறை கேட்கப்போவது நான் இல்லை, கொம்பனி. வேலை முடிந்து திரும்பும் வழியில் ரொறன்ரோவில் ஒரு கிழமை நிற்கலாம் என்று கொம்பனிக் கந்தோரில் வாய்ச்சொல்லும் தந்துவிட்டார்கள்.

போனில் இதைச் சொன்னதும் அக்கா அழுதா. அழுது முடியுமுன்னரே, "கூழுக்கு ஒடியல் மா இஞ்ச ஆரிட்டை இருக்கெண்டு விசாரிக்கிறன்" என்றா.

அதனால் எனக்கு அது பயிற்சி இல்லை, சோதனை. பாஸ் பண்ணினால் அக்கா. பெயில் என்றால் இன்னும் எத்தனை வருஷமோ, யார் கண்டது.

3

பயிற்சி தர வந்தவவின் பெயர் ரூத். கட்டையான உருவம், ஜீன்ஸ், நரைத்த பின்னல். அவவின் ஆதிக்குடியின் பெயரைச் சரியாக உச்சரிக்கவே எனக்கு மூன்று நாள் பயிற்சியும் போதவில்லை. பிழையாக எழுதிப் பேச்சு வாங்காமல், எழுதாமலே விடுகிறேன்.

முதலாம் நாள் காலையில் யூர்கன் வந்த கோலத்தைக் கண்டு எனக்கு மூச்சு நின்றுவிட்டது. இந்த நாட்டில் கார்னிவல் வந்தால் சின்னப் பிள்ளைகள் தலையில் இறகு குத்திக்கொண்டு 'இந்தியானர்', அதுதான் செவ்விந்தியர், ஆகிவிடுவார்கள். யூர்கன் அதற்குப் பிறகு வளரவே இல்லை. சனி ஞாயிறில் தன்னைப் போன்ற சங்கத்தாரோடு காட்டில் கூடாரம் அடித்து, மேளம் தட்டி, தோலில் மணி கோத்துக்கொண்டிருப்பான். அன்று அவன் மணிகளால் பூப் போட்டுத் தானே தைத்த தோல் மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். சரி, இன்றைக்கே பெயில் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

ரூத் கிட்டப் போய் அந்தச் சட்டையின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தா.

"இது ஆர் தந்தது?"

"நானே தைச்சது" என்றான் யூர்கன், நெஞ்சை நிமிர்த்தி.

"நல்லாத் தைச்சிருக்கிறீர். எங்கடை ஊரில இந்தப் பூ ஒரு குடும்பத்தின்ரை பூ. அந்த வீட்டு மனுசி ஒருத்தி தந்தால்தான் போடலாம். உமக்கு ஆர் தந்தது எண்டு அங்க வாற வழியெல்லாம் கேப்பினம். என்ன சொல்லுவீர்?"

யூர்கனின் நெஞ்சு மெல்ல இறங்கியது. சட்டையைக் கழற்றி, பக்குவமாக மடித்து, கதிரையின் கீழ் வைத்தான். அவ அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிறகு ரூத் தன்னை அறிமுகம் செய்வா என்று காத்திருந்தோம். அவ பையிலிருந்து ஒரு கசெட்டை எடுத்தா. ரேப்பில் போட்டு அழுத்தினா. வயதான ஒரு பெண்ணின் குரல் வந்தது, எங்களுக்கு விளங்காத மொழியில். குரல் நிதானமாகப் போய்க்கொண்டே இருந்தது. இடையில் ஒரு நாய் குரைத்தது. கேத்தில் கூவியது. குரல் எழும்பிப் போய்க் கேத்திலை அடுப்பால் இறக்கிவிட்டு வந்து, விட்ட இடத்தில் தொடங்கியது. அவ்வளவு நேரமும் ரூத் தலையைக் குனிந்துகொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றா. ஐம்பது வயதுப் பெண், தன்னைப்பற்றி வேறொருவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

எனக்கு உடம்பு புல்லரித்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை. ஒரு சொல்லும் விளங்காமல் புல்லரித்தது அதுதான் முதல் தரம். டொச்சு மொழியும் பத்து வருஷமாக விளங்கவில்லைதான், ஆனால் அதற்குப் புல்லரித்ததே இல்லை.

கசெட் நின்றதும் ரூத் சொன்னா: "அது என்ரை மாமி. நான் ஆரின்ரை மகள், எந்த ஆத்தங்கரையில பிறந்தனான், எங்கடை ஆக்கள் எங்க அடக்கமாகி இருக்கினம், சின்னனில நான் என்னென்ன குழப்படி செய்தனான் எண்டு எல்லாம் சொன்னவ. எங்கடை ஊரில ஒராள் புது இடத்துக்குப் போனால், தான் ஆர் எண்டு தானே சொல்லக்கூடாது. தன்னைப்பற்றித் தான் சொல்லுறது சந்தையில விக்கிறவன் செய்யிற வேலை. அவரைத் தெரிஞ்ச ஒராள்தான் சொல்லவேணும்."

மன்ஃபிரெட் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

4

இரண்டாம் நாள் புகையிலை.

அவர்களுடைய ஊரில் வயதுக்கு மூத்தவரிடம் ஒன்றைக் கேட்பதென்றால் வெறுங்கையோடு கேட்கக்கூடாதாம். கொஞ்சம் புகையிலையை அவர் கையில் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். புகைப்பதற்கு இல்லை, அது மரியாதை. அவர் வாங்கிவிட்டால் உங்கள் கேள்வியைச் சுமப்பதற்குச் சம்மதித்துவிட்டார் என்று அர்த்தம். வாங்காவிட்டால், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

ரூத் ஆளுக்கொரு சின்னப் பொட்டலம் தந்து, தன்னை மூத்தவவாக நினைத்துக் கேட்டுப் பழகச் சொன்னா. யூர்கன் பவ்வியமாகக் கொடுத்தான். மன்ஃபிரெட் ஸ்க்ரூ கொடுப்பது மாதிரிக் கொடுத்தார். என் முறை வந்தது.

பாருங்கோ, நான் நீர்வேலியில் புகையிலைத் தோட்டக்காரனின் மகன். அந்த இலையில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. ஆனால் பெரியவர்களுக்கு முன்னால் புகையிலையோடு நிற்பது என்றால் அதைவிட மரியாதைகெட்ட வேலை எங்கள் பக்கத்தில் வேறு இல்லை. பெரியப்பா ஒழுங்கையால் வருகிறார் என்றால், எரிகிற பீடியை உள்ளங்கைக்குள் பொத்திச் சுட்டுக்கொண்டாவது மறைக்கிற சாதி நாங்கள். இப்போது மூத்த ஒருவருக்கு, அதுவும் ஒரு பெண்ணுக்கு, நேரே நீட்டு என்கிறார்கள்! அவவுக்கு முன்னால் போனதும் என் கை என்னைக் கேட்காமலே பொட்டலத்தோடு முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"தாரும்" என்றா ரூத்.

"தாறன்" என்றேன். கை வரவில்லை.

அறை முழுவதும் சிரித்தது. கந்தோரிலிருந்து பார்க்க வந்திருந்த பெண்மணி தன் கொப்பியில் ஏதோ எழுதினா. 'பரா பெயில்' என்று எழுதுகிறா என்று நினைத்து எனக்கு வியர்த்தது. அக்காவின் கூழ் கண்ணுக்கு முன்னால் ஆறிப் பச்சைத்தண்ணி ஆனது.

ரூத் மட்டும் சிரிக்கவில்லை. "ஏன் ஒளிக்கிறீர்?" என்று கேட்டா. விஷயத்தைச் சொன்னேன். அவ நெடுநேரம் பேசாமல் இருந்தா. அவர்கள் பதில் சொல்லுமுன் அப்படித்தான் இருப்பார்கள். நாங்கள் என்றால் அந்த இடைவெளிக்குள் ஒரு கலியாணம் பேசி முடித்திருப்போம்.

"அப்ப உமக்கும் அது பெரிய சாமான்தான்" என்றா கடைசியில். "பெரிய சாமானைத்தான் ஒளிப்பினம். இப்ப உங்கடை முறையில தாரும்."

வலது கையில் பொட்டலத்தை வைத்து, இடது கையால் முழங்கையைத் தொட்டுக்கொண்டு, குனிந்து நீட்டினேன். கோயிலில் வெற்றிலை கொடுப்பது மாதிரி. அவ இரண்டு கையாலும் வாங்கினா. அந்தக் கணத்தில் அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. பத்து வருஷத்தில் முதல் தரமாக, நான் பகிடி விடாமலே நாலு பேர் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

5

மூன்றாம் நாள் ரூத் போவதற்கு முன் சொன்னா: "உங்களை வீட்டில வைச்சிருக்கப் போற ஆக்கள் கேக்கினம். உங்கள் ஒவ்வொருத்தருக்காகவும் கதைக்க ஆர் இருக்கினம்? அவையின்ரை போன் நம்பரைத் தாங்கோ. நானும் மாமியும் எடுத்துக் கதைப்பம்."

கந்தோர்ப் பெண்மணி பதறிப்போனா. "எல்லாருக்கும் வேலைச் சான்றிதழ் அனுப்பியிருக்கிறமே!"

"இயந்திரத்துக்குச் சான்றிதழ் போதும்" என்றா ரூத்.

என்னைப் பார்த்தா. பயம் வந்தால் எனக்குப் பகிடிதான் வரும். "நானே ரண்டு ஆளுக்குக் கதைப்பன், எனக்கு ஆள் தேவையில்லை" என்றேன். "நீர் ஆர் எண்டு நீர் சொல்லக்கூடாது" என்றா ரூத். என் பகிடி நிலத்தில் விழுந்து செத்தது.

"அக்கா" என்றேன்.

ஒருவன் யார் என்று இன்னொருவர் சொல்வது எனக்குப் புதிய விஷயமா? ஊரில் எண்பத்து நாலில் ஆமிக்காரர் சுற்றிவளைத்தபோது, ஆட்களைக் காட்டிக் கொடுக்கிற, சாக்கால் முகம் மூடிய தலையாட்டி ஒருவனுக்கு முன்னால் எங்களை வரிசையாக நடக்க விட்டார்கள். எனக்கு முன்னால் போனவனுக்கு அந்தத் தலை ஆடவில்லை. எனக்கு ஆடியது. ஏன் என்று இன்றுவரை தெரியாது. முகாமுக்குள் என் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

அக்கா முகாம் வாசலுக்கு வந்தா. விடிய வந்து பொழுதுபட்டால் போவா, அடுத்த நாளும் வருவா. தெரிந்த நாலு சிங்களச் சொல்லையும் தமிழையும் கலந்து காவலுக்கு நின்றவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தா: "அவன் ஒண்டுக்கும் உதவாதவன். சைக்கிளுக்குக் காத்தடிக்கத் தெரியாது. கோழிக்குப் பயம். அவனைப் போயோ பிடிச்சனீங்கள்? ஆராவது கேட்டால் உங்களுக்குத்தான் வெக்கம்!" உள்ளே இருந்த எனக்கு அவவின் குரல் கேட்கும். கடைசியில் ஆமியில் ஒரு பெரியவன் என்னைக் கூப்பிட்டு முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டு, போ என்றான். அக்கா சொன்னது அவ்வளவும் என் முகத்தில் எழுதியிருந்தது போல.

அவவின் குரலால்தான் நான் உயிரோடு வெளியில் வந்தேன்.

யூர்கன் தன் தாயின் நம்பரைக் கொடுத்தான். மன்ஃபிரெட், "பிறகு சொல்லுறன்" என்றார்.

6

பத்து நாள் கழித்து அக்கா போன் எடுத்தா.

"தம்பி, உன்ரை ஆள் எடுத்தவள். நல்ல மனுசி. ஒரு மணித்தியாலம் கதைச்சனாங்கள்."

"அக்கா, உங்களுக்கு இங்கிலிஷ் அவ்வளவு..."

"நான் வேலை செய்யிற இடத்தில கதைக்கிற இங்கிலிஷ் எனக்குக் காணும். நான் எடுத்த உடனை, நீங்கள் எவடம், எந்த ஊர், ஆரின்ரை ஆக்கள் எண்டு கேட்டன். அவள் பாவம், சந்தோசத்தில சிரிச்சிட்டாள். இந்த நாட்டில தன்னை ஒருத்தரும் அப்பிடிக் கேட்டதில்லையாம். கொப்பாட்டன் வரைக்கும் சொன்னாள். நானும் எங்கடையைச் சொன்னன்."

"என்னைப்பற்றி என்ன சொன்னனீங்கள்?"

"உண்மையைத்தான். நீ மொக்கன், ஆனால் மனம் நல்லம் எண்டு. முகாம் கதையும் சொன்னனான். கோழிக் கதையும் சொன்னனான்."

"ஐயோ அக்கா!"

"பேசாமல் இரு. அண்டைக்கும் அதைச் சொல்லித்தானே உன்னை எடுத்தனான். வாய்க்கு வாய் 'தம்பி, தம்பி' எண்டு சொல்லுறன் எண்டு, அது என்ன சொல்லு எண்டு கேட்டாள். அதுக்கு விளக்கம் சொல்லத்தான் பாதி நேரம் போனது."

நான் பாஸ். யூர்கனும் பாஸ். அவனுடைய தாய், அவன் பத்து வயது வரை தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்தவன் என்பதைக்கூட விடாமல் சொல்லியிருக்கிறா. மன்ஃபிரெட்டின் நம்பர் மட்டும் போகவில்லை. மைஸ்டர் இல்லாமல் குழு போக முடியாது. கந்தோரில் அடுத்த கிழமைக்குள் வேறு குழுவைப் போடுவதாகச் சொன்னார்கள்.

வாடகைக்கு ஒரு பெரியம்மாவைப் பிடித்து மன்ஃபிரெட்டுக்காகக் கதைக்க விடலாமா என்றுகூட யோசித்தேன். வதனியிடம் சொன்னேன்.

"விசர்க்கதை கதையாதையுங்கோ" என்றா. "அந்த மனுசன் எவடம் எண்டு ஒருக்காவாவது கேட்டனீங்களே?"

தெருவில் தமிழ் முகம் ஒன்றைக் கண்டால், வணக்கம் சொல்லுமுன் "எவடம்?" என்று கேட்கிறவன் நான். ஒன்பது வருஷமாக ஒரே மேசையில் சாப்பிடுகிற மன்ஃபிரெட்டைக் கேட்டதில்லை. டொச்சுக்காரன் எவடமாக இருப்பான்? டொச்சுலாந்துதானே?

7

அடுத்த நாள் மத்தியான இடைவேளையில் கேட்டேன்.

மன்ஃபிரெட் பாணை மென்று முடித்தார்.

"தெரியாது" என்றார்.

இரண்டாம் உலக யுத்தம் முடிகிற மாரியில், கிழக்கேயிருந்து சனம் பனிக்குள்ளால் நடந்து வந்ததாம். ஒரு ரயில் நிலையத்தில் நாலு வயது மதிக்கிற பிள்ளை தனியாக நின்றது. கோட்டின் உள்பக்கத்தில் மன்ஃபிரெட் என்று நூலால் தைத்திருந்தது. அவ்வளவுதான். ஊரும் இல்லை, தாயும் இல்லை. பிறந்தநாள் பிள்ளைகள் விடுதியில் வைத்தது. குடும்பப் பெயரும் விடுதியில் வைத்ததுதான். கட்டிய மனுசி செத்து ஆறு வருஷம்.

"எனக்காகக் கதைக்க ஒருத்தரும் இல்லை, பரா. நீங்கள் ரண்டு பேரும் வேறை மைஸ்டரோட போங்கோ. நான் கந்தோரில கேக்கிறன். நீர் அக்காவைப் பாக்கவேணும்."

என் வாயில் எப்போதும் ஒரு பகிடி தயாராக இருக்கும். அன்று தேடினேன், இல்லை. அவருடைய கோட்டில் அந்தப் பெயரைத் தைத்த கையை மட்டும் நினைத்தேன். தாயோ, தமக்கையோ, யாரோ ஒருத்தி, தொலைந்து போகக்கூடும் என்று தெரிந்து, குளிரில் விறைத்த விரலால் தைத்திருப்பா. அந்தப் பிள்ளைக்காகக் கடைசியாகக் கதைத்தது அந்த ஊசிதான்.

"ரூத் பயிற்சியில என்ன சொன்னவ?" என்று கேட்டேன். "தெரிஞ்ச ஆள் எண்டுதானே சொன்னவ? இரத்த உறவு எண்டு சொன்னவவே?"

அவர் என்னைப் பார்த்தார். எழும்பித் தன் அலுமாரிக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் பயிற்சியில் மிஞ்சிய புகையிலைப் பொட்டலம். பட்டறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெரிய மனுசன் எனக்கு முன்னால் வந்து நின்று, வலது கையில் பொட்டலத்தை வைத்து, இடது கையால் முழங்கையைத் தொட்டு, குனிந்தார். எங்கள் முறையில். நான் செய்ததை ஒரு தரம்தான் பார்த்தவர்.

"எனக்காகக் கதைப்பீரோ?"

பத்து வருஷமாக இந்த நாட்டில் ஒவ்வொரு கதவடியிலும் ஆராவது எனக்காக ஒரு சொல்லுச் சொல்லமாட்டார்களா என்று நின்றவன் நான். இரண்டு கையாலும் வாங்கினேன்.

8

பின்னேரம் மன்ஃபிரெட் எங்கள் வீட்டுக்கு வந்தார். சோபாவின் விளிம்பில் குந்திக்கொண்டு, வதனி கொடுத்த வடையை எப்படிச் சாப்பிடுவது என்று கேட்க வெட்கப்பட்டு, அதன் ஓட்டையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பன்னிரண்டு வயது மகள் துஷா எனக்கு இங்கிலிஷ் எடுத்துத் தரப் பக்கத்தில் நின்றாள். என்னோடு டொச்சு மட்டும் கதைக்கிறவள், என் பகிடிக்குச் சிரித்துக் கனகாலம்.

கனடாவுக்குப் போன் போட்டேன், ரூத் எடுத்தா. நான் மன்ஃபிரெட்டுக்காகக் கதைக்கிறேன் என்றேன்.

நல்லதாக நாலு சொல்லு ஆயத்தம் பண்ணி வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் அக்காதான் வந்தா.

"மனுசனுக்குக் கதைக்கத் தெரியாது" என்றேன். "சிரிச்சால் பல்லுக்கொதி வந்த ஆள் மாதிரி இருக்கும். பிடிவாதம். ஒரு ஸ்க்ரூ கோணினாலும் முழுக்கக் கழட்டுவார். ஆனால் நான் வந்த முதல் மாரியில சப்பாத்துக்குள்ள தண்ணி போகப் போக வேலைக்கு நிண்டனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஒருநாள் என்ரை அலுமாரியைத் திறந்தால் உள்ளுக்கு ஒரு சோடி பூட்ஸ். அவரின்ரை சொந்தப் பூட்ஸ். அதைப்பற்றி அவரும் கதைக்கேல்லை, நானும் கதைக்கேல்லை. எனக்கு ஒரு அளவு பெரிசு. இண்டைக்கும் அதைத்தான் போடுறன்."

துஷா என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் வழியை மறித்துக் கிடக்கிற அந்தப் பூட்ஸைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் தினமும் பள்ளிக்கூடம் போகிறவள். பிறகு நான் தமிழில் கொட்டியதையெல்லாம் ஒன்றும் விடாமல், அழகான இங்கிலிஷில் சொன்னாள். அவளுக்கு இவ்வளவு தமிழ் விளங்கும் என்று எனக்குத் தெரியாது.

மறுபக்கத்தில் ரூத் அதைத் தன் மாமிக்கு எடுத்துச் சொன்னா. பின்னால் ஒரு கிழவி ஏதோ கேட்டா. கேத்தில் கூவியது. அந்தக் கேத்திலை எனக்குத் தெரியும்.

"மாமி கேக்கிறா" என்றா ரூத். "நீர் அவருக்கு என்ன முறை?"

சிநேகிதன் என்பதா? கூட வேலை செய்கிறவன் என்பதா? துஷா என் வாயைப் பார்த்தாள். மன்ஃபிரெட் வடையைத் தட்டில் வைத்தார்.

"தம்பி" என்றேன்.

துஷா அதை மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள். ரூத் விடவில்லை.

"அந்தச் சொல்லு எனக்குத் தெரியும்" என்றா. தன் மாமிக்குத் தங்கள் மொழியில் ஒரு வசனம் சொன்னா. அதன் நடுவில், கனடாவின் வடக்கே, காட்டுக்குள்ளே, 'தம்பி' என்று ஒரு சொல் கேட்டது. கிழவி சிரித்தா.

"சரி" என்றா ரூத். "உம்முடைய அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாரும்."

திரும்பினேன். நான் சொல்லுமுன் துஷாதான் டொச்சில் சொன்னாள். மன்ஃபிரெட் எழும்பி நின்றார். ஏதோ கதைக்கப் போகிறவர் மாதிரி மூச்சை இழுத்தார். பிறகு அந்த வடையை எடுத்து, ஒரே வாயில் முழுதாகப் போட்டுக்கொண்டார்.